ஸ்ரீவைகுண்டத்தின் 176

ஸ்ரீவைகுண்டம்.

அன்பு மருமகனுக்கு,

ஜனாதிபதி தேர்தலில் நம்ம ஊர் எம்.எல்.ஏ.வுக்கும் உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தானே என்று கேட்டிருந்தாய். சீட்டு ஒன்றுதான், மதிப்பு வேறு. 2022 ஜூலை 18 அன்று சென்னைத் தலைமைச் செயலகத்தில் நம் தொகுதி சார்பில் விழுந்த இளஞ்சிவப்புச் சீட்டுக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்துச் சீட்டுக்கு 208. சிக்கிமுக்கு வெறும் 7.

தாளும் பேனாவும் எடு. 1971-ல் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 4,11,99,168. அதை 234 எம்.எல்.ஏ.க்களுக்கு வகுத்து, வந்ததை மறுபடி ஆயிரத்தால் வகு. 176 வந்துவிடும்.

இத்தனை பழைய கணக்கு எதற்கு? ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே பலம் இழக்கக் கூடாதென்று 1976-ல் 42-ஆவது திருத்தம் அதை அப்படியே நிறுத்தி வைத்தது. 2001-ல் 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது. 2011 கணக்கைப் போட்டால் நமக்கு 308, உத்தரப் பிரதேசத்துக்கு 496. இடைவெளி எவ்வளவு விரிகிறது, பார். அங்கே பெருகிய ஜனங்கள் கணக்கில் வரவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் சொன்னபடி நடந்தவனைத் தண்டிப்பது அதைவிடப் பெரிய அநியாயம் என்பேன்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தொகுதியில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த 176-ம் போய்விடும். தோற்றவருக்குப் போட்டவர்களின் குரல் அங்கேயே நின்றுவிடும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44 சதவீத ஓட்டில் 39-க்கு 37 இடம் பிடித்தது. ஏறக்குறைய 24 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒரு இடமும் இல்லை. 2017 ஜனாதிபதி தேர்தலில் ஒரு எம்.பி. ஓட்டுக்கு மதிப்பு 708. நாலில் ஒருவர் போட்ட அந்த ஓட்டுகளுக்காக மக்களவையிலிருந்து எம்.பி.க்களுக்கான பச்சைச் சீட்டு ஒன்றுகூட விழவில்லை.

ஜனாதிபதி தேர்தல் சீட்டில் 1, 2 என்று விருப்ப வரிசை எழுதலாம். 1969-ல் முதல் விருப்பத்தில் பாதியைத் தாண்டாத வி.வி.கிரி, இரண்டாவது விருப்பத்தையும் எண்ணிய பிறகே ஜெயித்தார். எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்த அந்த உரிமை, அவரைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு இல்லை. முதலில் மாற வேண்டியது இதுதான்.

புதிய கணக்கெடுப்பின் முடிவு வந்ததும், இதே வகுத்தலை எல்லா மாநிலத்துக்கும் போட்டுப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா