செங்கோலும் உரைகல்லும்

பொற்கொல்லர் கருநிற உரைகல்லில் நகையை உரசிக் கோட்டின் நிறத்தைக் கூர்ந்து நோக்குவதை மட்டாஞ்சேரித் தெருக்களில் நம்மிற் சிலர் கண்டிருக்கலாம். அக்கோடு பொன்னின் மாற்றைச் சொல்லும். ஆனால் மேற்பரப்பின் மாற்றை மட்டுமே சொல்லும். உள்ளிருப்பதை அறிய வேறு சோதனை வேண்டும். வரலாற்றுக்கும் இது பொருந்தும் என்பதை ஒரு நகை வணிகக் குடும்பத்தின் கதை காட்டுகிறது.

அரசுச் சின்னங்களைச் செய்யும் தொழில் பல நாடுகளிலும் குடும்பங்களின் கைவழியே வளர்ந்தது. பாரிசு நகரில் 1803-ஆம் ஆண்டு தோன்றிய ஆர்த்துசு பெர்த்திரான் நிலையம், நெப்போலியன் 1802-இல் ஏற்படுத்திய ‘லெஜியோன் தொனேர்’ விருதின் பதக்கங்களைச் செய்து பெயர் பெற்றது. நம் நாட்டில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது சென்னை உம்மிடி குடும்பமாகும். உம்மிடி பங்காரு செட்டியாரின் பெயரால் 1900 முதல் அவர்தம் நகைத்தொழில் நடந்து வருகிறது.

1947-இல் திருவாவடுதுறை ஆதீனத்தின் வேண்டுகோட்படி இக்குடும்பத்தார் ஒரு செங்கோல் செய்தனர். ஏறத்தாழ ஐந்து அடி நீளம்; உச்சியில் நந்தி; வெள்ளியாற் செய்து பொன்முலாம் பூசியது. அவ்வாண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் ஆதீனத்துத் தூதர்கள் அதனை நேருவிடம் வழங்கினர். பின்னர் அது அலகாபாது அருங்காட்சியகத்தை அடைந்தது. நேரு அன்பளிப்பாகப் பெற்ற பொற்கோல் என்ற அளவிலேயே அங்கு அது அறியப்பட்டது. செய்தவர் குடும்பத்திலும் அதன் நினைவு மங்கிற்று. 2023 மே 28-இல் அது புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் நிறுவப்பட்டபோதுதான் நாடு முழுவதும் அதனைப் பற்றிப் பேசியது.

பேச்சோடு வாதமும் எழுந்தது. ஆட்சி மாற்றத்தின் சின்னமாக அது மௌண்ட்பேட்டன் கை வழியாக வந்தது என்றனர் சிலர். அதற்குச் சான்று எங்கே என்றனர் வரலாற்றாசிரியர் பலர். அக்காலத்து ‘டைம்’ இதழ் ஆதீனத் தூதர்கள் நேருவிடம் செங்கோல் வழங்கியதைக் கூறுகிறது; மௌண்ட்பேட்டனை அச்செய்தியில் இணைக்கவில்லை. அதே இதழ் அச்செங்கோலைப் பொன்னாலானது என்றே எழுதிற்று! கண்ணுக்குத் தெரிந்தது முலாம் அல்லவா?

இங்கே அறிவியல் மாணவர்க்கு ஒரு பாடம் உண்டு. நீரோடு ஒப்பிடப் பொன்னின் அடர்த்தி 19.3 மடங்கு, வெள்ளியினது 10.5 மடங்கு. உள்ளே வெற்றிடமில்லாத பொருளானால், காற்றில் ஒருமுறையும் நீரில் ஒருமுறையும் நிறுத்தால் போதும், முலாம் ஏமாற்றாது. ஆர்க்கிமிடீசு காட்டிய வழி இது. பொருளுக்கு நீர் எப்படியோ, வரலாற்றுக்குச் சான்று அப்படி. செங்கோல் வழங்கப்பட்டது என்பது அச்சோதனையில் நிற்கிறது. அதன்மேற் பூசிய பிற கதைகள், நிற்கும் அளவுக்கே நிற்கட்டும். அதனால் செங்கோலின் பெருமையோ, செய்த கைகளின் திறமையோ குறைந்துவிடாது.

தோழர்களே, நம் ஊர்ப் பட்டறைகளிலும் பழைய கணக்கேடுகள் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. விடுமுறையில் ஊர் செல்லும்போது ஓர் ஏட்டையாவது புரட்டுங்கள். யார் செய்வித்தார், யார் செய்தார், எந்த ஆண்டு என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். பின்னர் வருவோர் நிறுத்துப் பார்க்க அதுவே துணையாகும்.