நீல ஒளி பிறந்த ஊர்

பழைய குழல் விளக்கு உடைந்தால் அதன் உட்புறத்தில் வெண்பொடி படிந்திருப்பதைக் காணலாம். அதற்கு ஒளிர்பொடி என்று பெயர். விளக்கினுள் எழும், கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்களை வெளிச்சமாக மாற்றுவது அப்பொடியே.

ஜப்பானின் ஷிகோகு தீவில், இன்றைய அனான் நகரப் பகுதியில், நொபுவோ ஒகாவா 1956ஆம் ஆண்டு நிச்சியா நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் ஒளிர்பொடிக்கு வேண்டிய கால்சியம் உப்புகளையும், பின்னர் ஒளிர்பொடியையும் அந்நிறுவனம் செய்து விற்றது. விளக்குச் செய்தவர்கள் பிறர். பொடி மட்டுமே நிச்சியாவினுடையது.

1979இல் ஷூஜி நகமுரா என்னும் பொறியாளர் அங்குப் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் எல்.இ.டி. விளக்குகள் சிவப்பிலும் பச்சையிலும் கிடைத்தன. பளிச்சென்ற நீலம் மட்டும் எவருக்கும் வசப்படவில்லை. நீலம் இன்றி வெண்ணொளி ஏது? அதனை ஆக்கிக் காட்டுவதாக நகமுரா முன்வந்தார். சிறு நிறுவனத்திற்கு அது பெருஞ்செலவு. ஆயினும் ஒகாவா மறுக்கவில்லை. படிகம் வளர்க்கும் முறையைக் கற்றுவர நகமுராவை ஓராண்டு அமெரிக்காவிற்கும் அனுப்பினார்.

ஆய்வாளர் பலர் துத்தநாக செலினைடு என்னும் பொருளை நம்பியிருந்தனர். நகமுராவோ, பெரும்பாலோர் கைவிட்ட காலியம் நைட்ரைடைத் தேர்ந்தெடுத்தார். நகோயாவில் அகசாகி, அமானோ ஆகிய இருவரும் அதே பொருளோடு போராடிக்கொண்டிருந்தனர். சூடான தட்டின்மீது படிய வேண்டிய வாயு மேலெழுந்து சென்றுவிடும். படிகம் சரியாக வளராது. நகமுரா கருவியைத் தாமே பிரித்துத் திருத்தினார். மேலிருந்து மற்றொரு வாயுவைச் செலுத்தி முதல் வாயுவை அழுத்தச் செய்தார். படிகம் படிந்தது! 1993 நவம்பரில் நிச்சியா தன் நீல விளக்கை உலகிற்கு அறிவித்தது.

வெண்மைக்கு வழி கையிலேயே இருந்தது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் ஒளிர்பொடியை விளக்கின்மீது பூசினர். நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றின. 1996இல் வெள்ளை எல்.இ.டி. வெளிவந்தது. பழைய பொடித்தொழில் அன்று கைகொடுத்தது.

கண்டுபிடிப்புக்கென நகமுராவுக்கு நிறுவனம் அளித்த பரிசு 20,000 யென். 1999இல் அவர் நிச்சியாவை விட்டு விலகினார். பின்னர் வழக்குத் தொடுத்தார். 2004இல் தோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் வழங்குமாறு தீர்ப்பளித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2005இல் ஏறத்தாழ 84 கோடி யெனுக்கு இரு தரப்பும் உடன்பட்டன. 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

சிந்தித்து எழுதுக: பணமும் கருவியும் நிறுவனத்தினுடையவை, அறிவும் உழைப்பும் நகமுராவினுடையவை. கண்டுபிடிப்பு யாருக்கு உரியது? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.