சூடேறும் ஜாக்கெட்: மலை இறங்கி வந்ததும்

லடாக், இமாசலம் என்று மலையேறிவிட்டுத் தக்கலை திரும்புகிறவர்கள் பேட்டரி ஜாக்கெட்டை அப்படியே பீரோவில் வைத்துவிடக் கூடாது. வியர்வை உப்பு மின் இணைப்புகளை அரிக்கும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். இணைப்பு முனையை மூடியால் அடைத்து ஜிப்பை இழுத்துவிடுங்கள். உள்ளே தைத்திருக்கும் சீட்டில் துவைக்கலாம் என்று இருந்தால் மட்டும் பச்சைத் தண்ணீரில் மென்மையான திரவ சோப்பு விட்டு, கையால் அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் சூடேற்றும் இழை ஒடியும். இஸ்திரி வேண்டவே வேண்டாம்.

நம் ஊரில் பெரிய பாடு உலர்த்துவதுதான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும். உள்பஞ்சில் ஈரம் நிற்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் விரித்து, இரண்டு மூன்று நாள் திருப்பிப் போடுங்கள். முழுக்கக் காயாமல் பேட்டரியை மாட்டாதீர்கள்.

லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில், தனியாக, வெக்கை படாத இடத்தில் வைத்து, சில மாதத்துக்கொரு முறை எடுத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடக் கூடாது. அடுத்த தடவை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது, கழற்றிய பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை.