தாழிக்கும் வீடளித்த பிரான்

நாச்சியார் திருமொழியின் 11-ஆம் திருமொழியில் 8-ஆம் பாசுரம் வராஹாவதாரத்தைப் பேசுவது. பாசி படிந்து கிடந்த பூமிப்பிராட்டிக்காகத் தன் மேன்மை பாராமல், மாசு படிந்த திருமேனியினின்று நீர் ஒழுக, ஒரு பன்றியாய் வந்து நின்றான் எம்பெருமான் என்று ஆண்டாள் அருளிச்செய்கிறாள். சிறுவர்க்குச் சந்தை சொல்லுங்கால் சொல்லும் சீரும் பிறழாமல் காப்பது முதற்கடமை. அதற்குமேல் இப்பாசுரம் குழந்தையின் நடத்தையில் எங்கே வந்து சேரவேண்டும் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

அப்பெருமான் பூவராஹனாய், ஸ்வயம்வ்யக்தமாய் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கு அருகே உள்ளது விருத்தாசலம். மண்ணை நம்பிப் பலர் பிழைக்கும் ஊர். பீங்கான் தொழிலுக்கென்றே அங்குத் தொழிற்பேட்டை உண்டு. அதனைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் உண்டு. கரைத்த களிமண் குழம்பை அச்சில் வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்புறத்தில் மண் படிந்து உருவாகும். எஞ்சிய குழம்பை வடித்து, உருவை எடுத்து உலர்த்தி, பிசிறு நீவிச் சூளையில் இடுவர். திருக்கார்த்திகைக்கு ஏற்றும் அகலும், கொலுப்படியில் அமரும் பொம்மையும் இப்படிப் பல கைகள் மாறியே நம் இல்லத்துக்கு வருகின்றன. 'நன்றி சொல்' என்று ஏவினால் குழந்தை சொல்லிவிட்டு ஓடிவிடும். விளக்கேற்றுமுன், 'இந்த அகலை எத்தனை பேர் தொட்டிருப்பார்கள், சொல் பார்ப்போம்' என்று கேட்டால் விரல்விட்டு எண்ணத் தொடங்கும். மண் தோண்டியவர், குழைத்தவர், வார்த்தவர், சுட்டவர், சுமந்தவர் என்று அந்த எண்ணிக்கை நீளும்.

திருக்கோளூர்ப் பெண்பிள்ளை எம்பெருமானாரிடம் விண்ணப்பித்த 81 வார்த்தைகளுள் மண்ணோடு தொடர்புடையவை இரண்டு. ஒன்று குருவநம்பியைப் பற்றியது. நாள் முழுதும் சக்கரத்தின்முன் அமர்ந்திருந்த அக்குயவர், கையில் ஒட்டிய மண்ணையே பூவாக்கிச் சாத்தினார். தொண்டைமான் சாத்திய பொற்பூவினும் அம்மண்பூவையே திருவேங்கடமுடையான் உகந்தான் என்பர். மற்றொன்று ததிபாண்டனைப் பற்றியது. யசோதைக்கு அஞ்சி ஓடிவந்த கண்ணனைத் தாழியில் ஒளித்துவைத்தவன், தனக்கு மட்டுமன்றித் தன் தாழிக்கும் மோக்ஷம் வேண்டினான், பெற்றான். உயிரில்லாத தாழிக்கு எதற்கு வீடு என்று குழந்தைகள் தவறாமல் கேட்பர். விடையை உடனே தந்துவிடலாகாது. 'கண்ணனை மறைத்தது அதுதானே' என்று அவர்களுள் ஒருவரே சொல்லும்வரை காத்திருப்பது நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மடி ஆசாரமுள்ள இல்லங்களில் பீங்கான் தட்டையும் கோப்பையையும் தளிகை அறைக்குள் சேர்ப்பதில்லை. (ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் விலக்கு அளித்த பாட்டிமாரின் திருவுள்ளம் ஆராயத்தக்கது!) அவ்வழக்கம் பாத்திரத்தைப் பற்றியது. காரணம் சொல்லாமல் 'தொடாதே' என்று மட்டும் அதட்டினால், ஐந்து வயதுக் குழந்தை அதனைப் பாத்திரம் செய்தவர்மேலும், அதில் உண்பவர்மேலும் ஏற்றிக்கொள்ளும். பள்ளியில் பக்கத்தில் அமர்ந்து வேறுவகை உணவை உண்ணும் தோழனைக் கண்டு முகம் சுளிக்கும். பாசுரம் நாலாயிரமும் மனப்பாடமாயிருந்தும் இந்தச் சுளிப்பு நீங்காதாயின், பன்றியாகவும் இசைந்து வந்தவனுடைய ஸௌசீல்யத்தை அக்குழந்தைக்கு நாம் சொல்லிக்கொடுத்ததாக ஆகாது. 'நம் இல்லத்து வழக்கம் இது. அவர்கள் இல்லத்து வழக்கம் அது. இருவர்க்கும் பசி ஒன்று' என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

பூவராஹப்பெருமான் தாமே இதற்கு இடம் காட்டியருளுகிறார். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காக அவர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கிழக்கேயுள்ள கிள்ளைக் கடற்கரை வரை எழுந்தருளுகிறார். கிள்ளையில் தர்காவைச் சேர்ந்த இசுலாமியப் பெருமக்கள் எதிர்கொண்டு வரவேற்றுப் பட்டும் மாலையும் சமர்ப்பிக்கின்றனர். கோயில் மரியாதையும் பிரசாதமும் அவர்களுக்கு அளிக்கப்படுகின்றன. அவர்கள் தம் முறைப்படி ஓதுகின்றனர். நம்மவர் தம் முறைப்படி ஸேவிக்கின்றனர். தம் வழியை விட்டவர் எவருமிலர்.

விருத்தாசலத்திலும் சுற்றூர்களிலும் சந்தை நடத்துவோர் அந்நாளில் குழந்தைகளைக் கிள்ளைக்கு அழைத்துச் செல்லலாம். முன்கூட்டி விளக்கம் எதுவும் வேண்டா. பட்டு கைமாறும் இடத்தில், அவர்கள் கண்ணில் படும்படி முன்வரிசையில் நிறுத்தினால் போதும்.