மலரின் மறுபக்கம்



மலரைப் படம் பிடிக்கச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் நிமிர்ந்து நின்று, கைப்பேசியைக் கீழ்நோக்கிப் பிடித்து, அதன் முகத்தை மட்டுமே எடுப்போம். குளுவாங் வட்டாரத்திலுள்ள நம் தோட்டத்துப் பழைய ஆயாக்கொட்டகை வேலிச் செம்பருத்தியை நாமும் அவ்வாறே எடுத்தோம். நேரமோ நண்பகல். படத்தில் கிடைத்தது சிவப்பு மைக்கறை போன்ற ஒன்று! 1960ஆம் ஆண்டு முதல் நாட்டின் தேசிய மலராக விளங்கும் புங்கா ராயாவுக்கு நாம் செய்த மரியாதை அவ்வளவே.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதைக் கண்டு சிரித்தாள். மறுநாள் காலை நம் கைப்பேசியை வாங்கி, செடியின் அடியில் வானம் பார்க்கக் கிடத்தி, திரையின் பக்கமுள்ள கண்ணாடிவில்லையால் படமெடுத்தாள். எறும்பு காணும் செம்பருத்தி அது. பச்சைப் புல்லிவட்டமும், அதற்கும் அடியிலுள்ள சிறிய பச்சை இதழ்களும், செவ்விதழ்களில் ஓடும் நரம்புகளும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

காரணம் எளியது. இதழ் மிக மெல்லியது. ஒளி அதனூடே புகும். ஒளி நம் முதுகுப்புறமிருந்து விழுந்தால் மேற்பரப்பின் நிறமே தெரியும். மலருக்குப் பின்னாலிருந்து வந்தால் இதழே விளக்காகிவிடும். ஆனால் வானத்தின் வெளிச்சத்தால் மலர் கருத்துத் தோன்றுவதுண்டு. அப்போது திரையில் இதழின்மீது விரலால் தொட்டால் போதும். கதிரவனை இதழால் மறைத்தே எடுக்க வேண்டும். நேரே நோக்குவது கண்ணுக்குக் கேடு.

நம் ஊர் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 2 பாகை வடக்கே உள்ளது. ஆதலால் 7 மணியளவில் உதிக்கும் கதிரவன் விரைந்து செங்குத்தாக ஏறி, 10 மணிக்கெல்லாம் ஏறத்தாழ அரைவானத்தை எட்டிவிடும். சாய்ந்த மெல்லொளி கிடைப்பது சிறுபொழுதே. மேகம் மூடிய நாளில் கவலை வேண்டா. வானம் முழுவதுமே நிழல் விழாத விளக்கு. இருண்ட பக்கத்திற்கு வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்தால் ஒளி திரும்பி விழும். மின்னொளி தேவையே இல்லை.

செருமனியின் கார்ல் புளோஸ்பெல்ட் நம்மைப்போல் ஓர் ஆசிரியர்தாம். பெர்லினில் கலை மாணவர்க்குக் கற்பிப்பதற்காக, தாமே அமைத்த கருவியால், இயற்கை ஒளியிலேயே செடிகளைப் பெருக்கிப் படமெடுத்தார். அவை 1928இல் நூலாக வெளிவந்து புகழ் பெற்றன.

செம்பருத்தி ஒருநாள் மலர். காலையில் விரிந்து மாலையில் வாடும். நம் தாய்மார்களோ இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் செல்பவர்கள். வேலை முடிந்து திரும்புகையில் அந்தக் காலையொளி இருப்பதில்லை. அம்மாணவியின் தாயாரிடம் படத்தைக் காட்டினோம். அந்த வேலியிலிருந்துதான் வெள்ளிக்கிழமைதோறும் சாமிக்குப் பூப் பறிப்பவர் அவர். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது எந்த ஊருப் பூங்க, ஐயா?” என்றார்.

வேலியைக் காட்டினோம்.