நம்பிக்கை தணிக்கும் வலி

நுழையும்முன்

மருந்து வலியைத் தணிக்கும் என்பதை யாவரும் அறிவர். மருந்தே இல்லாத மாத்திரையும் சிலருக்கு வலியைத் தணிப்பது எவ்வாறு? இப்பாடம் அதனை விளக்குகிறது.

மருந்துப்போலி

மருந்துப் பொருள் சிறிதும் கலவாமல், உண்மையான மருந்தைப் போலவே செய்யப்பட்ட மாத்திரை, ஊசி, களிம்பு முதலியன மருந்துப்போலி எனப்படும். அதனால் ஒருவர் உணரும் நலம் மருந்துப்போலி விளைவு ஆகும். இவ்விளைவில் எதிர்பார்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

அமெரிக்காவில் நடைபெற்று 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் 82 பேர் பங்கேற்றனர். அவர்களுடைய மணிக்கட்டில் சிறு மின்னதிர்ச்சி தரப்பட்டது. பின்னர் அனைவருக்கும் ஒரே வகை மருந்துப்போலி மாத்திரை, புதிய வலிநீக்கி என்று கூறி வழங்கப்பட்டது. அதன் விலை இரண்டரை டாலர் என ஒரு பிரிவினரிடமும், 10 சென்ட்டாகக் குறைக்கப்பட்டது என மற்றொரு பிரிவினரிடமும் கூறப்பட்டது. மீண்டும் மின்னதிர்ச்சி தரப்பட்டபோது, முதற்பிரிவில் 85 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 61 விழுக்காட்டினரும் வலி குறைந்ததாகத் தெரிவித்தனர். மாத்திரை ஒன்றே; எதிர்பார்ப்பே வேறு.

தம்மிடம் மருந்து உள்ளது என்னும் எண்ணமும் வலியைக் குறைக்கக்கூடும். மற்றோர் ஆய்வில், மருந்துப்போலிக் களிம்பு ஒன்று வலிநீக்கும் ஆற்றலுடையது எனப் பங்கேற்றோரிடம் சொல்லப்பட்டது. பாதிப்பேர் அதனை அன்பளிப்பாகப் பெற்றனர், ஏனையோர் பெறவில்லை. பின்னர் அனைவரும் கடுங்குளிர் நீரில் கையை அமிழ்த்தினர். பெற்றவர்கள் களிம்பைப் பூசிக்கொள்ளவே இல்லை. ஆயினும் பெறாதவர்களைவிடக் குறைந்த வலியையே உணர்ந்தனர்.

மூளையின் பங்கு

மருந்துப்போலியால் வலி தணிவது வெறும் கற்பனையோ? அன்று. பல் பிடுங்கப்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 1978ஆம் ஆண்டு வெளியாயிற்று. மருந்துப்போலியால் வலி தணிந்தவர்களுக்கு நலோக்சோன் என்னும் மருந்து செலுத்தப்பட்டதும் வலி மிகுந்தது. உடல் தானே சுரக்கும் வலிநீக்கியாகிய எண்டார்பினின் செயலை நலோக்சோன் தடுக்கும். எனவே, அப்பொருளே வலியைத் தணித்திருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கருதினர்.

எல்லை

மருந்துப்போலிக்கு எல்லையும் உண்டு. 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மருந்துள்ள இன்ஹேலரும் மருந்தில்லாத இன்ஹேலரும் ஏறக்குறைய ஒரே அளவு ஆறுதல் தந்ததாக ஆஸ்துமா நோயாளர்கள் கூறினர். ஆனால், அவர்களுடைய மூச்சு அளக்கப்பட்டபோது, உண்மையான மருந்து நுரையீரலின் திறனை 20 விழுக்காடு உயர்த்தியிருந்தது. மருந்துப்போலியால் ஏற்பட்ட உயர்வு 7 விழுக்காடே. எந்தச் சிகிச்சையும் பெறாதபோதும் அதே அளவு உயர்வு காணப்பட்டது.

வலி தணிதல் வேறு. நோய் தீர்தல் வேறு. ஆகவே, நலமடைந்ததாகத் தோன்றினாலும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துதல் கூடாது.

சொற்பொருள்

களிம்பு – தோலில் பூசும் மருந்து
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
அமிழ்த்துதல் – நீருக்குள் மூழ்கச் செய்தல்

பயிற்சி

1. மருந்துப்போலி என்பது யாது?
2. களிம்பைப் பூசாமலே வலி குறைந்தது எதனைக் காட்டுகிறது?
3. ‘வலி தணிதல் வேறு, நோய் தீர்தல் வேறு’ – ஆஸ்துமா ஆய்வைக் கொண்டு விளக்குக.
4. பிரித்து எழுதுக: இவ்விளைவு, அப்பொருள்.