பாதி விலைக் ‘கீ’: இந்த ஜூனில் வாங்காதீர்கள்

கத்திரி முடிந்துவிட்டது, வேலூர் வெயில் முடியவில்லை. பகலில் வெளியே தலைகாட்ட முடியாத இந்த ஜூன் மாதத்தில் காட்பாடியில் இரண்டு வியாபாரம் சூடு பிடிக்கும். ஒன்று லேப்டாப். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரி இடம் உறுதியானதும், பி.எஃப். லோன் போட்டோ நகையை வைத்தோ வாங்கித் தரும் முதல் லேப்டாப். அது வீட்டுக்கு வந்த மறுநாளே இன்னொன்று தொடங்கும்: இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் வெளிநாட்டுத் தளங்களிலும் விற்கிற ‘கீ’, அதாவது கேமையோ மென்பொருளையோ திறக்கும் குறியீடு. மூவாயிரம் ரூபாய் கேம் எண்ணூறுக்கு, விண்டோஸ் முந்நூறுக்கு, பி.ஜி.எம்.ஐ. கேமுக்குள் செலவழிக்கும் யூசி பாதி விலைக்கு.

செய்ய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் எந்தக் கீயும் வாங்காதீர்கள். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் கோடை விற்பனை ஜூன் கடைசி வாரத்தில் தொடங்குவது வழக்கம். 2025-இல் ஜூன் 26 முதல் ஜூலை 10 வரை நடந்தது. வேண்டிய கேமை இன்றே விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். விலை இறங்கினால் ஸ்டீமே மெயில் அனுப்பும்.

பாதி விலைச் சரக்கைப் பற்றி ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக்காரர்களுக்கு வெளியூர்க்காரன் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஷூ போட்டே வளர்ந்தவர்கள் நாம். வெளிநாட்டில் பத்தாயிரத்துக்கு விற்கும் ஷூ பைபாஸ் ஓரக் கடையில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்தால் நம்மூரில் யாரும் மிரள்வதில்லை, ஏன் மலிவு என்று தெரியும். அப்பரில் சின்னதாக ஒரு கீறல் இருக்கும், இடதுக்கும் வலதுக்கும் நிறம் ஒரு சொட்டு மாறியிருக்கும், அல்லது ஆர்டர் ரத்தாகிச் சரக்கு தேங்கியிருக்கும். கையில் எடுத்து வளைத்துப் பார்ப்போம். சோல் ஒட்டு பிரிகிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்ப்போம். லைனிங்குக்குள் விரலை விட்டுத் தடவுவோம். கீயில் வளைத்துப் பார்க்க என்ன இருக்கிறது? பதினைந்து எழுத்து, நடுவில் இரண்டு கோடு. அதுவும் காசு கட்டிய பிறகுதான் கண்ணில் படும். இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வாங்கிய ஷூவை ஆறு மாதம் கழித்து யாரும் வந்து காலிலிருந்து கழற்றிக்கொண்டு போக மாட்டார்கள். கீயைக் கழற்றலாம், கழற்றியும் இருக்கிறார்கள்.

2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் நிறுவனம் ஃபார் கிரை 4 உள்ளிட்ட தன் கேம்களின் கீகள் பலவற்றைத் திடீரென்று செல்லாமல் செய்தது. கின்குயின் போன்ற மறுவிற்பனைச் சந்தைகளில் முழுசாகக் காசு கொடுத்தவர்கள் எழுந்து பார்த்தால் லைப்ரரியில் கேம் இல்லை. அந்தக் கீகள் ஈ.ஏ.யின் ஆரிஜின் கடையில் திருட்டு கிரெடிட் கார்டு கொண்டு வாங்கப்பட்டவை என்று பிறகு தெரியவந்தது. கின்குயின் சொன்ன கணக்கு: 4,600 கீ, சுமார் 1,50,000 யூரோ. கூச்சல் கிளம்பியதும், ஏற்கெனவே போட்டு விளையாட ஆரம்பித்தவர்களுக்கு மட்டும் யூபிசாஃப்ட் கேமைத் திருப்பிக் கொடுத்தது. அப்புறம் விளையாடலாம் என்று கீயைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

எங்கிருந்து வருகிறது இந்தக் கீ?

எல்லாமே திருட்டு என்று சொன்னால் அது பொய். மலிவு பண்டில் வாங்கி, அதில் வேண்டாததைத் தனியாக விற்பவர் உண்டு. விலை குறைந்த நாட்டில் வாங்கி விலை கூடிய நாட்டில் தள்ளுபவரும் உண்டு. ஆனால் உங்கள் கைக்கு வரும் கீ இதில் எந்த வகை என்பது உங்களுக்குத் தெரியாது. விற்கிற சந்தைக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

திருட்டு கார்டு ஓடுகிற வழியைப் பாருங்கள். எங்கோ ஒருவரின் கார்டு விவரம் களவு போகிறது. அதை வைத்து ஒருவன் கேம் கம்பெனியின் சொந்தக் கடையில் நூறு கீ வாங்கி, மறுவிற்பனைச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறான். அவனுக்கு முதலே கிடையாது, எந்த விலையும் லாபம்தான். மாதக் கடைசியில் கார்டுக்காரர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து வங்கியில் முறையிட, வங்கி அந்தப் பணத்தைக் கம்பெனியிடமிருந்து திரும்பப் பிடுங்கும். சார்ஜ்பேக் என்பது இதுதான். பணமும் போய், அதற்கு மேல் கட்டணமும் கட்ட வேண்டும். கம்பெனிக்கு மிஞ்சுவது ஒரே வழி, கீயை ரத்து செய்வது. நாலு பேர் உட்கார்ந்து கேம் செய்யும் சின்னக் கம்பெனிக்கு இது வயிற்றில் அடி. பஞ்ச் கிளப் என்ற கேமை வெளியிட்ட டைனிபில்ட் 2016-இல் தன் கணக்கைப் பகிரங்கமாகப் போட்டது: ஜி2ஏ சந்தையில் தங்கள் கீகள் சுமார் 2 லட்சம் டாலருக்கு விற்றிருக்கின்றன, கடை விலைக்கு அவை 4.5 லட்சம் டாலர் பெறும், தங்களுக்கு ஒரு காசு வரவில்லை. ஜி2ஏ அப்போது அதை மறுத்தது.

மறுக்க முடியாத விவகாரமும் ஒன்று வந்தது. ஃபேக்டோரியோ கேமைச் செய்த வூபே என்ற செக் நாட்டுக் கம்பெனி விடாப்பிடியாகக் கீ எண்களைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. 2020 மே மாதம் ஜி2ஏ தானே ஒப்புக்கொண்டது: 198 திருட்டுக் கீகள் தன் சந்தையில் விற்றிருக்கின்றன. இழப்பீடாக 39,600 டாலர் கட்டியது. ஃபேக்டோரியோவிடம் இன்னொரு வேடிக்கை உண்டு. ‘தள்ளுபடி தருவதே இல்லை’ என்பது அதன் கொள்கை. 2023-இல் விலையை ஏற்றினார்களே தவிர இறக்கவில்லை. அதை யாராவது பாதி விலைக்கு உங்களிடம் நீட்டினால், எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே பதில் தெரியும்.

எந்த விலையில் எழுபது சதவீதம்?

நம்மூர்ப் பிள்ளைகள் கோட்டை விடும் இடம் இது. ஸ்டீம் 2015 நவம்பரிலேயே இந்தியாவுக்கு ரூபாய் விலை கொண்டுவந்தது. பல கேம்களுக்கு நம் விலை ஐரோப்பிய விலையைவிடக் குறைவு. வெளிநாட்டுத் தளம் காட்டும் ‘எழுபது சதவீதம் தள்ளுபடி’ யூரோ விலையிலோ டாலர் விலையிலோ இருந்து கணக்கிட்டது. அதை ரூபாய்க்கு மாற்றி, கடைசிப் பக்கத்தில் தளம் ஒட்டும் சேவைக் கட்டணத்தைக் கூட்டி, கார்டு வங்கி போடும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால், பல நேரம் மிச்சம் நூறு இருநூறு ரூபாய்தான். சில நேரம் அதுவும் இல்லை. ஸ்டீம்டிபி என்ற தளத்தில் கேமின் பெயரைப் போட்டு ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் இதுவரை வந்த மிகக் குறைந்த விலை தெரியும். கார்டை எடுப்பதற்கு முன் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

நாட்டுப் பூட்டும் உண்டு. ‘யூரோப்’ என்று எழுதிய கீயை இங்கே போட்டால் ஏற்காது. விற்பவர் ‘வி.பி.என். போட்டுக்கோங்க ப்ரோ’ என்பார். நாட்டை மறைத்துக் கீ போடுவது ஸ்டீம் ஒப்பந்தத்துக்கு விரோதம். ஒரு கேமுக்காக மொத்தக் கணக்கும் முடங்கலாம். இப்படி நாடு மாறி நாடு வாங்கிச் சுரண்டிய கூத்துக்கு அர்ஜென்டினா, துருக்கி மக்களும் விலை கொடுத்தார்கள். 2023 நவம்பரில் அந்த இரண்டு நாடுகளுக்கும் உள்ளூர்ப் பணத்தில் விலை போடுவதையே ஸ்டீம் நிறுத்தி டாலருக்கு மாற்றிவிட்டது. ரூபாய் விலை நமக்கு நிலைக்க வேண்டும் என்றால் நாமும் அந்த ஆட்டத்தில் சேராமல் இருப்பது நல்லது.

காந்தி நகரில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் நண்பரின் கடையில் சாயங்காலம் போய் உட்காருவேன். போன வருஷம் இதே சமயம், அப்பா ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். “கீ போட்டா ஆல்ரெடி ரிடீம்டுன்னு வருதுண்ணா, லேப்டாப்ல ஏதாவது ப்ராப்ளமா?” லேப்டாப்பில் ஒன்றும் இல்லை. அந்தக் கீயை வேறு யாரோ முன்பே போட்டுவிட்டார்கள். விற்றவனின் டெலிகிராம் பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். பையன் மெசேஜ் போட்ட சில விநாடிகளில் அங்கிருந்த டி.பி. படம் மறைந்து வெறும் எழுத்து மட்டும் நின்றது. பிளாக் செய்துவிட்டான். அம்மா போனிலிருந்து ஜிபேயில் போன அறுநூற்றைம்பது ரூபாய். “அம்மாகிட்ட சொல்லாதீங்கண்ணா” என்றான். சொல்லத்தான் வேண்டியிருந்தது, வங்கிக் கணக்கு அவருடையது.

இன்ஸ்டாவில் இப்போது அதிகம் ஓடுவது ‘ஆஃப்லைன் அக்கவுன்ட்’. இருநூறு ரூபாய்க்கு ஒரு ஸ்டீம் ஐடியும் பாஸ்வேர்டும் தருவார்கள். உள்ளே போய் கேமை இறக்கி, நெட்டைத் துண்டித்துவிட்டு விளையாட வேண்டும். அதே ஐடியை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம். கணக்கை விற்பதை ஸ்டீம் தடை செய்திருக்கிறது. பாஸ்வேர்டு மாறிய அன்றைக்கு உங்கள் இருநூறு முடிந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஓடுவது யூசி, டயமண்ட். பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடும் பையன் வீட்டில் இருந்தால் இதை மட்டுமாவது கேட்டு வையுங்கள்: டாப்-அப் செய்பவன் உன் லாகின் பாஸ்வேர்டைக் கேட்டானா? முறையான ரீசார்ஜுக்குப் பிளேயர் ஐடி எண் போதும். பாஸ்வேர்டு கேட்பவன் கணக்கையே எடுத்துக்கொண்டு போவான். கேட்காதவனிலும் சிலர் திருட்டு கார்டில் யூசி ஏற்றிவிடுவார்கள். பணம் திரும்பப் பிடிக்கப்பட்டால் பையனின் யூசி மைனஸில் போய்க் கணக்கு பூட்டப்படும். அவனைப் பொறுத்தவரை அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

‘ஜி.டி.ஏ. 6 பி.சி. கீ, ப்ரீ-ஆர்டர்’ என்று யாராவது விற்றால் பேச்சையே வளர்க்காதீர்கள். ராக்ஸ்டார் 2025-இல் அறிவித்தது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கு மட்டும்தான். அந்த அறிவிப்பில் பி.சி. என்ற பேச்சே கிடையாது.

விண்டோஸ் கீ பற்றிச் சுருக்கமாக. புது லேப்டாப்பில் பெரும்பாலும் விண்டோஸ் போட்டே வரும், பில் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.எஸ். ஆஃபீஸுக்கு அவசரப்பட வேண்டாம். கல்லூரி மெயில் ஐடி வந்ததும் மாணவர்களுக்கு இலவசமாக உண்டா என்று அங்கேயே விசாரியுங்கள், பல கல்லூரிகளில் உண்டு. ‘ஆக்டிவேட்டர்’ என்று ஒரு ஃபைலை அனுப்பி, ‘டிஃபெண்டரை ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணுங்க’ என்று எவன் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு வரச் சொல்லும் விருந்தாளி அவன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

கீ கையில் இருந்தால் வைத்திருக்காமல் இன்றே போட்டுப் பாருங்கள். போடும்போது திரையை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எண், விற்பவரின் பெயர், உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வேலை செய்யாவிட்டால் முதலில் அந்தத் தளத்தில் முறையிடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் ‘டிஸ்ப்யூட்’ போடலாம். ஸ்டீமிடம் போய்ப் பயனில்லை, வெளியே வாங்கிய கீக்கு அவர்கள் பணம் தருவதில்லை. ஸ்டீமிலேயே வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் அந்த ஒரு வசதிக்குத் தகும் என்பது என் அபிப்பிராயம்.

யூ.பி.ஐ.யில் தனி ஆளுக்கு அனுப்பிய பணம்தான் சிக்கல். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் போன பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் பாதுகாப்புத் தருகின்றன. நீங்களே பின் போட்டு அனுப்பியது அந்தக் கணக்கில் வரும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் நேரம் கடத்தாமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் பதியுங்கள். பணம் அந்த ஆளின் கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. வேலூர் மாவட்டத்துக்கென்று சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. அறுநூறு ரூபாய்க்கா புகார் என்று கூச்சப்பட வேண்டாம், அதே எண்ணுக்கு எத்தனை அறுநூறு போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பணத்தை மீட்டுத் தருகிறேன், க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க என்று அடுத்து ஒருவன் வருவான். பணம் வருவதற்குப் பின் போட வேண்டியதே இல்லை.

விற்பனை தொடங்கும் வரை கை அரித்தால், எபிக் கேம்ஸ் கடையில் வியாழக்கிழமைதோறும் புது இலவச கேம் மாறும், இந்த மாதங்களில் நம் நேரம் இரவு எட்டரைக்கு. ஸ்டீம் விற்பனை திறப்பது இரவு பத்தரைக்கு. முதல் அரை மணி நேரம் உலகமே உள்ளே நுழைவதால் தளம் திணறும். சாப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் கேட்டுவிட்டு, பதினொன்றுக்கு மேல் போங்கள்.